பழைய காரில் பெட்ரோல் கோளாறு: டேங்கில் ஆரம்பித்து கார்புரேட்டரில் முடிப்பது எப்படி

அம்பாசிடரோ பத்மினியோ திணற ஆரம்பித்ததும், பெரும்பாலான பட்டறைகளில் கை முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குத்தான் போகும். "இறக்கி சர்வீஸ் பண்ணிடலாம் சார்" என்பார்கள். பல நேரங்களில் கோளாறு அங்கே இருக்காது. பிரித்த இடத்தில் கேஸ்கட் கிழியும், ஸ்க்ரூ முதலில் எத்தனை சுற்றில் இருந்தது என்பது மறந்துபோகும், ஒரு கோளாறு மூன்றாகிவிடும்.

பெட்ரோல் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் நாமும் போவதுதான் சரியான முறை. டேங்க், குழாய், பம்ப், அப்புறம்தான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றாமல் பார்த்தால் பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. நாலு ஸ்பேனர், இரண்டு கண்ணாடி பாட்டில், ஒரு மீட்டர் நல்ல ரப்பர் ஹோஸ், கொஞ்சம் பனியன் வேஸ்ட் போதும்.

இங்கே மனதில் வைத்திருப்பது நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய கார்களை: 1489 சிசி அம்பாசிடர், 1089 சிசி ஃபியட் 1100 மற்றும் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர். கார்புரேட்டர் உள்ள மற்ற பழைய கார்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய், பத்தடி தள்ளி இருக்கும் பூஜை விளக்கையோ மோட்டார் சுவிட்சையோ தேடிப் பிடிக்கும். அதனால் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். எது பாடியோடு போல்ட் ஆகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். பவுடர் வகை தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது எந்த பெட்ரோல் இணைப்பையும் அவிழ்க்கக் கூடாது.

வாயால் உறிஞ்சி பெட்ரோல் எடுக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரு வாய் பெட்ரோல் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். கை பம்ப் விலை மிகக் குறைவு.

முதல் கேள்வி: இது பெட்ரோல் கோளாறுதானா?

தீப்பொறி உண்டாக்கும் பக்கத்துக் கோளாறும் பெட்ரோல் கோளாறுபோலவே தெரியும். அங்கே இருக்கும் கண்டென்சர் சூடானால் செயலிழந்து, ஆறினால் மறுபடி வேலை செய்யும். இக்னிஷன் காயிலும் அப்படித்தான். வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓடி நின்று, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் காரை எல்லோரும் "வேப்பர் லாக்", அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிட்டது, என்பார்கள். அது கண்டென்சராகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பார்ப்பது. சோலெக்ஸ் வகை கார்புரேட்டர் என்றால் ஏர் கிளீனரை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிங்க்கை வேகமாகத் தள்ளுங்கள். மெல்லிய தாரையாக பெட்ரோல் பீய்ச்சினால், கார்புரேட்டரின் சின்னத் தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. நின்றதற்குக் காரணம் பெட்ரோல் வராதது அல்ல. பழைய அம்பாசிடர், மோரிஸ் மைனர்களில் இருக்கும் எஸ்.யு. என்ற இன்னொரு வகை கார்புரேட்டரில் இந்தப் பீய்ச்சும் பம்ப் கிடையாது. அதில் இன்ஜின் கொஞ்சம் ஆறியபின் ஃப்ளோட் சேம்பர் மூடியைத் திறந்து நேரடியாகப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் மூடி, சிந்தியதைத் துடைத்து, ஆவி போகக் காத்திருந்துவிட்டு ஸ்பார்க்கைப் பாருங்கள். பெட்ரோல் திறந்திருக்கும்போது பிளக்கைக் கழற்றித் தீப்பொறி பார்ப்பது தற்கொலை முயற்சி.

பிளக்கின் நிறமும் பேசும். வெளிர் பழுப்பு என்றால் கலவை சரி. கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்த வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை.

பாட்டில் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, ஹோஸ் மாட்டி, முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு பேட்டரியை மாட்டி, உதவிக்கு ஒருவரை வைத்து ஸ்டார்ட்டரை 15 விநாடி சுற்றச் சொல்லுங்கள். கொஞ்சம் ஓய்வு கொடுத்து இன்னொரு 15 விநாடி.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் கார் ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் குடிக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 100 மில்லி. வெறும் ஸ்டார்ட்டர் வேகத்திலேயே அரை நிமிடத்தில் 100 மில்லிக்கு மேல், விட்டு விட்டு பலமாகப் பீய்ச்சினால் டேங்கும் குழாயும் பம்பும் நன்றாகத்தான் இருக்கின்றன. நேராகக் கார்புரேட்டர் பகுதிக்குப் போய்விடலாம்.

சொட்டுச் சொட்டாக வந்தாலோ, குமிழ் குமிழாக வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ அடுத்த படி: பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றி, அங்கே புது ஹோஸை மாட்டி, மறுமுனையைச் சுத்தமான பெட்ரோல் உள்ள கேனில் விட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது நன்றாக வந்தால் பம்ப் குற்றமற்றது. கோளாறு டேங்கிலோ குழாயிலோ இருக்கிறது. இப்போதும் வரவில்லை என்றால் பம்ப்தான்.

பாட்டிலில் பிடித்ததைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் செம்பழுப்புத் தூள் என்றால் டேங்கின் துரு. கறுப்புத் துணுக்குகள் என்றால் ஹோஸ் உள்பக்கம் கரைகிறது. கண்ணாடிக் கோலிபோல அடியில் உருளும் துளிகள் தண்ணீர். மொத்தமும் கலங்கலாக இருந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த சிக்கல். வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுப் போய்விட்டது. பட்டறைக்குப் போகும் முன்பே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

டேங்க்

டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை இருக்கும். சில கார்களில் இதற்குத் தனிக் குழாய். இது அடைத்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். பத்து பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடி நிற்கும் காரில் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி ஓடினால் வேலை முடிந்தது. மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்தால் போதும். ஒரிஜினல் மூடி தொலைந்து, துளையே இல்லாத வேறு மூடியைப் போட்டு ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

ஹெரால்டு டேங்குகள் பலவற்றில் ரிசர்வ் நெம்புகோல் உண்டு. டிக்கிக்குள் கைவிட்டுத் திருப்பினால் உறிஞ்சு குழாய் இன்னும் கீழே இறங்கும். அது எப்போதும் ரிசர்விலேயே கிடந்தால் அடியில் சேர்ந்த அழுக்கையும் தண்ணீரையும்தான் முதலில் இழுக்கும்.

துரு இருந்தால் டேங்கை இறக்கத்தான் வேண்டும், குறுக்கு வழி இல்லை. பெட்ரோலை முழுவதும் வடித்து, பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் யூனிட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் பொருக்கு உதிரும். பிறகு சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை நிரப்பி ஓர் இரவு விடலாம். வடித்ததும் சமையல் சோடா கரைசலால் அலசி, தாமதிக்காமல் உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு படரும். எத்தனை நட்டு போட்டீர்களோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணுங்கள்.

டேங்க் ஓட்டையை வெல்டிங் வைப்பது பற்றி: பல மாதம் காலியாகக் கிடந்த டேங்கில்கூட வெடிக்கும் அளவுக்கு ஆவி மிச்சம் இருக்கும். அந்த வேலையில் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். வழியில் கசிவு கண்டால் குளியல் சோப்பை அழுத்தித் தேய்க்கும் பழைய டிரைவர்களின் வைத்தியம் இப்போதும் கைகொடுக்கும், பட்டறை சேரும்வரை மட்டும்.

பெட்ரோலே மாறிவிட்டது

இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அது 2000-ல் நாடு முழுக்க நின்றது. அடுத்த பெரிய மாற்றம் எத்தனால். 2022-ல் 10 சதவீதம் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, இரண்டே ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லா பங்க்குக்கும் வந்துவிட்டது. அரசியல் விவாதத்தை விட்டுவிடுவோம். காருக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்ப்போம்.

ஒன்று, எத்தனால் நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாக டேங்கில் ஒட்டியிருந்த பிசினை இளக்கி ஃபில்டருக்கு அனுப்பும். பழைய ரப்பர் ஹோஸ், தக்கை கேஸ்கட், பம்புக்குள் பெட்ரோலை இழுக்கும் துணிச் சவ்வான டயாப்ரம் ஆகியவை ஊதும் அல்லது விரிசல் விடும். இரண்டு, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். கடலோர ஊர்களில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு இதுதான் பெரிய ஆபத்து.

மூன்றாவதை யாரும் அதிகம் சொல்வதில்லை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்குதான். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய கணக்கிலேயே காற்றை விடும். இ20 போடும்போது கலவை ஏறக்குறைய 7, 8 சதவீதம் வறண்டு போகிறது, அதாவது தேவைக்குப் பெட்ரோல் குறைகிறது. காலையில் சோக் அதிக நேரம் தேவைப்படுவது, பிக்கப்பில் தயங்குவது, கார்புரேட்டர் வழியாகத் தும்முவது எல்லாம் இதனால் வரலாம். பரிகாரத்தைக் கார்புரேட்டர் பகுதியில் சொல்கிறேன்.

எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி மூடிக் குலுக்கி நிறுத்துங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். அடிப் படலம் 28 மில்லி அளவுக்கு உயர்ந்தால் அது இ20.

குழாயும் ஹோஸும்

டேங்குக்கும் பம்புக்கும் இடையில் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அதனால் அங்கே வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். கீழே ஒரு துளி ஈரம் இல்லாமலேயே பம்ப் வறண்டுபோகும். பாட்டிலில் குமிழ் வந்தது என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். ஹோஸை வளைத்துப் பாருங்கள். மேலே மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் வெட்டி எறியுங்கள்.

புது ஹோஸ் வாங்கும்போது எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருப்பதைக் கேளுங்கள். விலை அதிகம்தான், ஆனால் எத்தனாலைத் தாங்கும். தோட்டத்துக்கு வாங்கும் பிளாஸ்டிக் டியூப் கண்ணாடிபோல அழகாக இருக்கும், சில மாதங்களில் விறைத்துச் சுருங்கும். இணைப்புகளில் டெஃப்லான் டேப்பும் வேண்டாம். அதன் துணுக்கு ஒன்று போதும், ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு மூடாமல் போக.

பம்புக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டர் வைப்பது நல்லது. அது பாதிதான் நிறைந்திருக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். வண்டி நன்றாக ஓடினால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஏசி பம்ப்

அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு மூன்றிலும் இன்ஜினின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்டால் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப். நம் மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்பது இதைத்தான். மூடியைத் திறந்தால் ஒரு சல்லடை இருக்கும். பலரும் இப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். கழுவி, மூடியின் கேஸ்கட் வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். அந்த கேஸ்கட் வழியாகக் காற்று போனாலும் பம்ப் இழுக்காது.

கையால் அடிக்கும் நெம்புகோல் உள்ள பம்பில், சில நேரம் அதை எவ்வளவு அடித்தாலும் லொடலொடவென்று ஆடும், தடுப்பே இருக்காது. உடனே பம்ப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். கேமின் முகடு பம்ப்பின் கையை ஏற்கெனவே தூக்கிப் பிடித்திருக்கலாம். ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் இன்ஜினை ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

டயாப்ரம் கிழிந்தால் பம்ப் உடம்பில் உள்ள சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் கசியும். மோசமான நிலையில் பெட்ரோல், இன்ஜினின் அடியில் ஆயில் இருக்கும் சம்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பம்பைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகுதான் சாவி. ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் டயாப்ரமா என்று கேளுங்கள். பம்பைக் கழற்றினால் அதற்கும் இன்ஜினுக்கும் இடையில் இருந்த பேக்கிங் எத்தனை, எவ்வளவு தடிமன் என்று குறித்து, அதே அளவில் திரும்ப வையுங்கள். மெலிந்தால் பம்ப்பின் கை கேமில் அளவுக்கு மேல் அழுந்தும். தடித்தால் வீச்சு குறைந்து பெட்ரோல் குறையும்.

மோரிஸ் மைனரில் எஸ்.யு. எலெக்ட்ரிக் பம்ப். சாவி போட்டதும் சில முறை டிக் டிக் என்று அடித்து, சேம்பர் நிறைந்ததும் அடங்க வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது டேங்க் காலி. அடிக்கவே இல்லை என்றால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உயிர் வந்தால் உள்ளே பாயிண்ட் கருகியிருக்கிறது.

ஏசி பம்பை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கார்புரேட்டர்களுக்கு 1.5 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் கார் பம்பைப் போட்டால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் இன்ஜின் மேல் வழியும். விபத்தில் தானாக அணையும் சுவிட்ச் இல்லாமல் எலெக்ட்ரிக் பம்ப் போடவே கூடாது.

இப்போது கார்புரேட்டர்

ஓவர்ஃப்ளோ ஆகிறது என்றால் நீடில் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் ஃப்ளோட் சேம்பரை லேசாகத் தட்டினால் சில நேரம் விட்டுவிடும். திரும்பத் திரும்ப வந்தால் நீடிலையும் சீட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. காலி ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கினால் குமிழ் வரும் இடம் தெரியும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் ஈயத்தின் எடையால் ஃப்ளோட் தாழ்ந்து பெட்ரோல் மட்டம் உயரும். புதிது கிடைத்தால் புதிதே நல்லது.

ஐடிலிங் சரியில்லை, வேகத்தில் நன்றாக ஓடுகிறது என்றால் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டில் அடைப்பு, அல்லது கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் கேஸ்கட், ஆக்ஸிலரேட்டரால் திரும்பும் த்ராட்டில் ஸ்பிண்டில் வழியாகக் காற்றுக் கசிவு. ஐடிலிங் நன்று, ஏற்றத்தில் இழுவை இல்லை என்றால் வேகத்துக்கான மெயின் ஜெட்டில் அடைப்பு அல்லது பெட்ரோல் வரத்துக் குறைவு. காற்றுக் கசிவைப் பார்க்க, ஐடிலில் ஓடும்போது கேஸ்கட் ஓரங்களிலும் ஸ்பிண்டில் முனையிலும் தண்ணீரை மெல்ல ஸ்பிரே செய்யுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் நனையாமல். எங்கே இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் மெக்கானிக்குகளை அன்போடு தடுத்துவிடுங்கள்.

ஜெட்டுகளில் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஊதினால் போதும். பிடிவாதமான அடைப்புக்கு மெல்லிய தூண்டில் நரம்பு.

சோலெக்ஸில் ஐடில் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். சூடான இன்ஜினில் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். இ20-ஆல் வறண்டு ஓடினால் மெயின் ஜெட்டை ஒரு அளவு உயர்த்தலாம். ஜெட்டில் பொறித்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகளில் சொல்வது. 115-க்குப் பதில் 120 போட்டால் துளையின் பரப்பு 9 சதவீதம் போலக் கூடும்.

எஸ்.யு.வில் வேலை இன்னும் எளிது. மேலே ஆயிலில் நிற்கும் டேம்பர் தண்டை எடுத்துவிட்டு, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி "டொக்" என்று உட்கார வேண்டும். ஒட்டினால் கழற்றித் துடைக்க வேண்டும், எமரி பேப்பர் ஆகாது. டேம்பரில் ஆயில் இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி தூங்கும். மெல்லிய இன்ஜின் ஆயில் கொஞ்சம் விட்டால் சரி. ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, இரண்டு முழுச் சுற்று கீழே இறக்கித் தொடங்குங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். அணையப் போனால் குறைவு, கீழே இறக்குங்கள். ஒரு கணம் லேசாகக் கூடி அடங்கினால் சரியான இடம். இ20-க்கு நட்டின் ஒன்றிரண்டு பட்டை கீழே இறக்கினால் பெரும்பாலும் போதும்.

வெயில்

உண்மையான வேப்பர் லாக் நம் ஊரில் ஏப்ரல், மே மாத மதியங்களில் சிக்னலில் நிற்கும்போது வரும். பம்பில் ஈரத்துணி சுற்றுவது பழைய வழி, இப்போதும் பலிக்கும். அது முதலுதவி மட்டும். நிரந்தரத் தீர்வு, சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகும் குழாயைத் தள்ளி வைத்துக் கட்டுவது, கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்க இருந்த பேக்கலைட் தகடு யாரோ கழற்றி எறியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. சூடான காரை நிறுத்திப் பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கஷ்டப்பட்டால், பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருக்கிறது. சோக் இழுக்காமல், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி சுற்றுங்கள். பம்ப் அடிப்பதுபோல மிதித்து மிதித்து விடக் கூடாது.

நிற்கும் கார்

50 வயது தாண்டிய காரை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்தால் தினசரி ஓட்ட முடியாது. ஆகவே நிறைய கார்கள் ஷெட்டில்தான் நிற்கின்றன. ஓரிரு மாதம் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும். அதற்கு மேல் என்றால் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓட்டி அணைத்துவிடுங்கள். மறுபடி எடுக்கும் நாளில் ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் பானட்டைத் திறந்து வைத்தபடி ஒவ்வொரு இணைப்பையும் டார்ச்சில் பாருங்கள். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்ததும் ஃபில்டரை மறுபடி பார்த்து, அழுக்கு சேர்ந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.